கன்சர்வேட்டிவ் என்றால் யார்? தூண்டில்காரர் பக்கம் நின்று ஓர் எளிய விளக்கம்

அமெரிக்க அரசியல் செய்தி தமிழுக்கு வரும்போது ‘கன்சர்வேட்டிவ்’ என்பது ‘பழமைவாதி’ ஆகிவிடுகிறது. அடுத்த பத்தியிலேயே அவர் ‘பிற்போக்குவாதி’, ‘வலதுசாரி’, ‘ரிப்பப்ளிக்கன்’, ‘ட்ரம்ப் ஆதரவாளர்’ என்று வேஷம் மாற்றிக்கொண்டே போகிறார். ஐந்து சொல்லும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நினைத்துப் படித்தால், அண்மையில் நடந்த சில விஷயங்கள் பிடிபடாது. நம்ம ஊர் மத்திக்கு ஒருவகையில் உறவான ஹெர்ரிங் மீனைப் பிடிக்கும் படகுக்காரர்கள் போட்ட வழக்கு 2024-இல் ஜெயித்தபோது, கடலையே பார்க்காத கன்சர்வேட்டிவ் வக்கீல்கள் ஏன் கொண்டாடினார்கள்? 2025-இல் ஒரு கன்சர்வேட்டிவ் செனட்டர் அரசு நிலத்தை விற்கலாம் என்றபோது, அதே கட்சிக்கு ஓட்டுப் போடும் தூண்டில்காரர்கள் ஏன் அவர்மீது பாய்ந்தார்கள்?

மீன்பிடிப்பை வைத்துக்கொண்டே இதை விளக்கிவிடலாம். இந்த வழி புதியதும் இல்லை. எழுபது வருடங்களுக்கு முன்பே ஒரு தத்துவப் பேராசிரியர் இப்படிச் செய்திருக்கிறார்.

பழகிய அரிவாள்மனை

பத்து வருடம் புழங்கிய அரிவாள்மனை ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைவிடக் கூர்மையான கத்தி கடையில் கிடைக்கும், விலையும் குறைவாக இருக்கலாம். ஆனாலும் அவசரமாக வெங்காயம் அரியும்போது கை பழையதற்குத்தான் போகும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நறுக்கும் என்று விரலுக்குத் தெரியும். புதுக்கத்தியால் வரும் லாபம் இன்னும் கைக்கு வரவில்லை. பழையதை வீசினால் அந்தப் பழக்கம் போவது மட்டும் நிச்சயம்.

கன்சர்வேட்டிவ் மனநிலையின் முதல் படி இவ்வளவுதான். லண்டனில் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஓக்‌ஷாட் 1956-இல் இதைப் பற்றி எழுதியபோது, மாற்றத்தில் நட்டம் உறுதி, லாபம் ஒரு வாய்ப்பு மட்டுமே என்றார். அதனால் மாற்றம் நல்லது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மாற்றக் கேட்பவருடையது. மாற்றமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கணக்கைக் காட்டு என்றார்.

அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று தூண்டில். மீன் விற்றுப் பிழைப்பவருக்கு நல்ல வலை, நல்ல இடம், புது உத்தி எல்லாம் வேண்டும். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் அப்படியில்லை. மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்பினாலும் அவருக்கு மனக்குறை இல்லை. அதிக மீன் கிடைக்கும் என்று சொல்லி அவரை மோட்டார் படகில் ஏற்றினால், அவர் எதற்காகக் கரைக்கு வந்தாரோ அது போய்விடும். சில காரியங்களின் பயன் விளைவில் இருக்கிறது. சிலவற்றின் பயன் செய்வதிலேயே இருக்கிறது. இரண்டாவது வகையைக் காப்பதுதான் கன்சர்வேட்டிவ் மனத்துக்குப் பிரியமான வேலை. அரசாங்கம் நடுவரைப்போல விதியைக் காத்தால் போதும், ஆட்டக்காரர்கள் என்ன ஆட வேண்டும் என்று அது சொல்லக் கூடாது என்பதும் ஓக்‌ஷாட் சொன்னதுதான்.

ஏரி வெட்டியவர் எழுதிய உயில்

ஓக்‌ஷாட்டுக்கு முன்னோடி, அயர்லாந்தில் பிறந்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க். 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதியதால் கன்சர்வேட்டிவ் சிந்தனையின் தகப்பன் என்கிறார்கள். ஆனால் அவர் எல்லா மாற்றத்துக்கும் எதிரி இல்லை. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனோடு முரண்டு பிடித்தபோது அவற்றின் பக்கம் பேசியவர். மாறிக்கொள்ள வழியில்லாத அரசால் தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது என்பது அவர் வாதம்.

பர்க்கின் கருத்தைப் பிடித்துக்கொள்ளத் தமிழருக்குத் தனி வசதி ஒன்று உண்டு. 1785 பிப்ரவரியில் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி அவர் நாடாளுமன்றத்தில் பேசினார். அந்தப் பேச்சில் கர்நாடகப் பகுதியிலும் (நவாப் ஆண்ட நாடு, இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை) தஞ்சையிலும் உள்ள ஏரிகளை விரிவாக வர்ணிக்கிறார். பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார். அவற்றை வெட்டியவர்களைத் தாங்கள் பார்க்கப்போகாத தலைமுறைக்கு உயில் எழுதி வைத்த அரசர்கள் என்று போற்றுகிறார். சமூகம் என்பது செத்தவர், இருப்பவர், இனிப் பிறப்பவர் மூவருக்கும் இடையிலான கூட்டு என்று பின்னாளில் அவர் எழுதியதற்கு இந்த ஏரிக்கரைகளைவிட நல்ல படம் கிடைக்காது.

இதுவரை வந்த இரண்டு விஷயம்: கன்சர்வேட்டிவ் என்பது முதலில் ஒரு மனநிலை, இருப்பதன் அருமை தெரிந்து அதைக் காக்க நினைப்பது. அந்த மனநிலை மாற்றத்தை மறுப்பதில்லை. மாற்றக் கேட்பவரிடம் காரணம் கேட்கிறது.

மனநிலை ஒன்று, கட்சிப் பட்டியல் வேறு

குழப்பம் இனிமேல்தான் தொடங்குகிறது. ‘இருப்பதைக் காப்போம்’ என்றால் எதை? இன்றைய அமெரிக்காவில் இதற்கு மூன்று பதில்கள் ஓடுகின்றன. முதல் கூட்டம் சிறிய அரசு, குறைந்த வரி, கட்டற்ற வணிகம் என்கிறது. இரண்டாவது குடும்பம், தேவாலயம், ஊர் வழக்கம் என்கிறது. மூன்றாவது தேசம், எல்லை, உள்நாட்டுத் தொழில் என்கிறது. ரிப்பப்ளிக்கன் கட்சி இந்த மூன்றும் ஏறிய ஒரே படகு. படகு ஆடுவதில் ஆச்சரியம் என்ன?

மூன்றையும் பிரித்தறிய, ஓர் அபார்ட்மென்ட் சங்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்தச் சண்டை வந்தாலும் மூன்று கேள்விக்குள் அடங்கும்: காசு யாருடையது? முடிவு யாருடையது? இடம் யாருடையது? அமெரிக்காவின் ஆற்றங்கரையிலும் இதே மூன்று கேள்விகள்தான்.

காசு யாருடையது? ரீலின் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி

லிப்ட் பராமரிப்புக்கு என்று வாங்கிய பணத்தைச் சங்கச் செயலாளர் புத்தாண்டு விழாவுக்குச் செலவழித்தால் என்ன ஆகும்? அடுத்த மாதம் பாதிப் பேர் பணம் தர மாட்டார்கள். கேட்டு வாங்கிய காரியத்துக்கே பணம் போக வேண்டும் என்ற இந்த எளிய விதியை அமெரிக்கத் தூண்டில்காரர்கள் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

1950-இல் வந்த டிங்கல்–ஜான்சன் சட்டம் அது. வேலை செய்யும் விதம் இப்படி: தூண்டில் கோல், ரீல் (நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை), போலி இரை போன்றவற்றின்மீது 10 சதவீத உற்பத்தி வரி உண்டு. உற்பத்தி வரி என்றால் கடைக்காரர் பில்லில் தனியாகப் போடாமல், தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ விற்கும்போதே கட்டிவிடும் வரி. தயாரிப்பாளர் 50 டாலருக்குத் தரும் ரீலில் 5 டாலர் வரி. கோலுக்கு மட்டும் உச்சவரம்பு 10 டாலர். 40 டாலர் கோலுக்கு 4 டாலர், 300 டாலர் கோலுக்கும் 10 டாலர்தான். தூண்டில் பெட்டிக்கு 3 சதவீதம்.

இப்படிச் சேரும் பணத்தை மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரிக்கிறது. 40 சதவீதம் மாநிலத்தின் நில, நீர்ப் பரப்பைப் பொறுத்தது. 60 சதவீதம் அங்கே காசு கொடுத்து மீன்பிடி உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எந்த மாநிலத்துக்கும் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது, 1 சதவீதத்துக்குக் குறையாது. மாநிலம் தன் பங்காக 25 ரூபாய் போட்டால் 75 ரூபாய் வரும் என்ற விகிதத்தில் மீன்குஞ்சுப் பண்ணை, படகு இறக்கும் சரிவு, நீர் ஆய்வு எல்லாம் நடக்கின்றன.

இதில் கிடுக்கிப்பிடி ஒன்று இருக்கிறது. உரிமக் கட்டணத்தை மீன், வனவிலங்குத் துறையைத் தவிர வேறு எதற்கும் செலவிட மாட்டோம் என்று மாநிலம் சட்டம் இயற்றியிருக்க வேண்டும். பட்ஜெட்டில் ஓட்டை விழுந்ததென்று அந்தப் பணத்தில் கைவைத்தால் மத்தியப் பங்கு நின்றுபோகும். அரசியல்வாதியின் நல்லெண்ணத்தை நம்பாமல் அவர் கையையே கட்டிப்போடும் ஏற்பாடு இது. பயன்படுத்துபவர் செலுத்துவார், செலுத்தியது பயன்படுத்துபவருக்கே திரும்பும். கன்சர்வேட்டிவ்கள் இதை மாதிரித் திட்டம் என்று மெச்சுவதற்குக் காரணம் அதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சட்டத்துக்குப் பெயர் கொடுத்த டிங்கலும் ஜான்சனும் டெமாக்ரட்டுகள். 1984-இல் மோட்டார் படகு எரிபொருள் வரியையும் இதற்குள் கொண்டுவந்த திருத்தம், ஒரு ரிப்பப்ளிக்கன் செனட்டரும் ஒரு டெமாக்ரட் உறுப்பினரும் சேர்ந்து கொண்டுவந்தது. கையெழுத்துப் போட்டவர் ரிப்பப்ளிக்கன் ஜனாதிபதி ரீகன். கன்சர்வேட்டிவ் கருத்துக்கும் கட்சி முத்திரைக்கும் எப்போதும் பொருத்தம் பார்க்க முடியாது. திட்டத்துக்குப் பலவீனமும் உண்டு. தூண்டில் போடுபவர் குறைந்தால் ஆற்றைக் காக்கும் பணமும் குறையும். ஆற்றுக்குத் தேவை குறையாது.

முடிவு யாருடையது? ஹெர்ரிங் படகில் ஏறிய பார்வையாளர்

மூன்று கேள்விகளில் இதுதான் கடினமானது, இன்றைய அரசியலில் இதன் எடையும் அதிகம்.

சங்கத்தின் விதிப்புத்தகத்தில் ‘மின்சார இணைப்பைச் சோதிக்க வருபவரை ஒவ்வொரு வீட்டாரும் உள்ளே விட வேண்டும்’ என்று இருக்கிறது. அவருக்குக் கூலி யார் தருவது என்று எழுதவில்லை. மேலாளர் ஒருநாள், ‘வீட்டுக்காரரே தர வேண்டும்’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறார். ‘அப்படி எங்கே எழுதியிருக்கிறது?’ என்கிறார் வீட்டுக்காரர். ‘கூடாது என்றும் எழுதவில்லையே’ என்கிறார் மேலாளர். யார் சொல்வது செல்லும்?

அமெரிக்கக் கடல் மீன்பிடிப்புக்கு 1976-இல் வந்த மாக்னுசன்–ஸ்டீவன்ஸ் சட்டம் அடிப்படை. எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்று குறிக்கப் படகில் அரசின் பார்வையாளர் ஏறலாம் என்று அது அனுமதிக்கிறது. பார்வையாளரின் சம்பளத்தைப் படகுக்காரர் தர வேண்டிய சில இடங்களை, உதாரணமாக வட பசிபிக் பகுதியை, சட்டம் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. அட்லாண்டிக் ஹெர்ரிங் அந்தப் பட்டியலில் இல்லை. 2020-இல் மீன்வளத் துறை, ஹெர்ரிங் படகுகளும் சம்பளம் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. நாளொன்றுக்கு 710 டாலர் வரை ஆகலாம் என்று கணக்கு. ஐந்தாறு பேர் வேலை செய்யும் படகில், மீனே சரியாக மாட்டாத நாளில், மாலுமிகளைவிடப் பார்வையாளர் அதிகம் சம்பாதித்து இறங்கும் நிலை வரலாம்.

படகுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் தோற்றார்கள். தோற்கடித்தது ‘ஷெவ்ரான் கோட்பாடு’. 1984-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அந்தக் கோட்பாட்டின்படி, சட்டத்தின் வாசகம் தெளிவில்லாமல் இருந்தால், அரசுத் துறை சொல்லும் பொருள் ஓரளவு நியாயமாக இருந்தாலே நீதிபதி அதை ஏற்க வேண்டும். நம் கதையில் சொன்னால், விதிப்புத்தகம் மௌனமாக இருக்கும் இடத்தில் மேலாளர் பேச்சுக்கு மதிப்பு.

2024 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டையே ரத்து செய்தது. ‘லோப்பர் பிரைட்’ வழக்கு என்று பெயர். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்: சட்டத்தின் பொருள் என்ன என்று முடிவு செய்வது நீதிபதியின் வேலை, துறையின் கருத்தைக் கேட்கலாம், அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. கன்சர்வேட்டிவ்கள் கொண்டாடியது படகுக்காரர்களின் 710 டாலருக்காக மட்டும் இல்லை. காற்று, மருந்து, தொழிலாளர் விதி என எல்லாத் துறைகளிலும் அதிகாரிகள் சட்டத்தின் இடைவெளியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் வழக்கத்துக்கு அது கடிவாளம்.

எதிர்வாதமும் இலேசானதில்லை. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கேகன், நுட்பமான அறிவியல் கேள்விகளில் நிபுணர்களின் இடத்தை நீதிபதிகள் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார். நாற்பது வருடம் நின்ற ஒரு முன்தீர்ப்பை உடைப்பது கன்சர்வேட்டிவ் செயலா என்று யாராவது கேட்டால், ஓக்‌ஷாட் வாசகர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். 1984-இல் அந்தக் கோட்பாட்டால் முதலில் ஜெயித்தது ரீகன் அரசின் தளர்வான சுற்றுச்சூழல் விதி. அன்று கன்சர்வேட்டிவ்களுக்கு அது இனித்தது. அந்த விதி வந்தபோது சுற்றுச்சூழல் துறைக்குத் தலைமை வகித்தவர் ஆன் கோர்சச். 2024-இல் கோட்பாட்டைக் குழியில் இறக்கிய நீதிபதிகளில் ஒருவர் அவர் மகன் நீல் கோர்சச்.

சுருக்கம்: ‘காசு’ கேள்வியில் கன்சர்வேட்டிவ் கேட்பது, வாங்கிய பணம் சொன்ன காரியத்துக்குப் போகிறதா என்று. ‘முடிவு’ கேள்வியில் கேட்பது, இந்த அதிகாரத்தைச் சட்டத்தின் எந்த வாசகம் உங்களுக்குத் தந்தது என்று.

இடம் யாருடையது? இங்கே அவர்களுக்குள்ளேயே சண்டை

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெருநிலம் மத்திய அரசிடம் இருக்கிறது. நெவாடாவில் ஏறத்தாழ 80 சதவீதம். யூட்டாவின் ரிப்பப்ளிக்கன் செனட்டர் மைக் லீ 2025 ஜூனில், பெரிய வரி மசோதா ஒன்றுக்குள், மேற்கின் மத்திய அரசு நிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கரை வீடு கட்ட விற்கலாம் என்ற பிரிவைச் செருகினார். சிறிய அரசு, தனியார் சொத்து, கட்டுமானம்: முதல் கூட்டத்தின் கண்ணில் இதில் பிழையே இல்லை.

எதிர்ப்பு வந்தது வலப்பக்கத்திலிருந்து. தாத்தா கூட்டிப்போன ஓடை, அப்பா மான் வேட்டையாடிய மலை, பிள்ளை முதல் ட்ரௌட் மீன் பிடித்த வளைவு எல்லாம் அந்த நிலத்தில்தான் இருக்கின்றன. விற்றால் வேலி வரும். மொண்டானாவின் ரிப்பப்ளிக்கன் உறுப்பினர் ரயன் ஜிங்கி உட்படப் பலர், அந்தப் பிரிவு இருந்தால் மசோதாவுக்கே ஓட்டில்லை என்று நின்றார்கள். ஜூன் 28 அன்று லீ அதைத் திரும்பப் பெற்றார்.

இதைக் கன்சர்வேட்டிவ்களின் தோல்வி என்று எழுதியவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள். பழகியதைக் காக்கும் அரிவாள்மனைக்காரர்கள் ஜெயித்தார்கள், சிறிய அரசு கேட்கும் கணக்குப்புத்தகக்காரர்கள் தோற்றார்கள். மொண்டானாவில் இன்னொரு வழக்கமும் உண்டு: கரை தனியாருடையதாக இருந்தாலும், பாலத்தடியிலோ பொது இடத்திலோ ஆற்றில் இறங்கிவிட்டால், வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குள் நடந்தே மீன் பிடித்துக்கொண்டு போகலாம். 1985-இல் இருந்து சட்டம். நில உரிமையாளர்கள் அதை அவ்வப்போது எதிர்க்கிறார்கள். ரிப்பப்ளிக்கனுக்கு ஓட்டுப் போடும் மாநிலம் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

சுங்கவரிச் சண்டையும் இதே ரகம்தான். 2025 ஏப்ரலில் ட்ரம்ப் இறக்குமதிகள்மீது வரியை ஏற்றியபோது, தேசத் தொழிலைக் காப்போம் என்ற கூட்டம் கைதட்டியது. கட்டற்ற வணிகக் கூட்டம் முகம் சுளித்தது. சீனாவிலிருந்து வரும் ரீலை விற்கும் கடைக்காரர் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீரோரம் மனம் ஏன் ஆறுகிறது

செய்தியை விட்டு ஆற்றுக்குப் போவது அரசியலைத் தட்டிக்கழிப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். கன்சர்வேட்டிவ் பார்வையில், அரசியல் காக்க வேண்டிய வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. 1929-இல் அமெரிக்க ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர் ஓய்விடம் தேடியபோது வைத்த நிபந்தனைகள் மூன்று: வாஷிங்டனிலிருந்து 100 மைலுக்குள் இருக்க வேண்டும், கொசு அண்டாதபடி 2,500 அடி உயரம் வேண்டும், ட்ரௌட் ஓடை வேண்டும். வர்ஜீனியாவில் ராப்பிடான் ஆற்றின் தலைப்பில் தன் சொந்தக் காசில் இடம் வாங்கினார். அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்ட் வந்தபோது, கடற்படைக் குறைப்பைப் பற்றி இருவரும் அங்கே ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து பேசினார்கள்.

மனம் ஆறுவதற்கான விளக்கத்தை மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் 1980-களில் வகுத்தார்கள். கணக்குப் பார்ப்பது, வண்டி ஓட்டுவது போன்றவற்றுக்கு நாம் வலிந்து கவனம் செலுத்துகிறோம். அது தசையைப்போலக் களைக்கும். அலை, இலை, மேகம் போன்றவை கவனத்தை மெதுவாகத் தாமே பிடித்துக்கொள்கின்றன. அதற்கு மென்கவர்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் வலிந்த கவனம் ஓய்வெடுக்கிறது. செய்தித் திரையும் கவனத்தைப் பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் முரட்டுப் பிடி; மனத்துக்கு இடமே விடாது. அதனால்தான் ஒரு மணி நேரம் கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தும் களைப்பு போவதில்லை.

தண்ணீரில் நிற்கும் தக்கை மென்கவர்ச்சிக்கு அளவெடுத்துச் செய்த பொருள். அமெரிக்கக் குளங்களில் புதியவர் தொடங்குவது உள்ளங்கையளவு ப்ளூகில் மீனில். 5 அல்லது 6 அடி மெல்லிய கோல், 4 பவுண்ட் தாங்கும் நைலான் நரம்பு, 8-ஆம் எண் நீளக் கழுத்து முள். முள்ளிலிருந்து ஒரு சாண் மேலே பட்டாணியைவிடச் சிறிய ஈயக்குண்டு. அதற்கு இரண்டு, மூன்று அடி மேலே தக்கை. முள்ளில் இரண்டு சென்டிமீட்டர் மண்புழு போதும்.

மீன் மாட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முள் பெரிதாக இருக்கும். ப்ளூகில்லின் வாய் சிறியது. புழுவின் வால் நீளமாகத் தொங்கும். மீன் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும். அல்லது தக்கை பருமனாக இருக்கும்; இழுக்கும்போது பாரம் தெரிந்தால் மீன் இரையைத் துப்பிவிடும். தக்கையின் தலை மட்டும் நீருக்கு மேல் தெரியும்வரை ஈயத்தைக் கூட்டுங்கள். பத்து நிமிடம் அசைவில்லை என்றால் இடத்தை மாற்றும் முன் ஆழத்தை அரையடி மாற்றிப் பாருங்கள்.

தக்கை துடிக்கும்போது இழுக்க வேண்டாம். அது சாய்ந்து நகரும்போதோ அமுங்கும்போதோ மணிக்கட்டை மட்டும் தூக்கினால் போதும். திருப்பி விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் மேல்வழுவழுப்பை உரித்துவிடும். அதுதான் மீனுக்கு நோய்த்தடுப்பு. முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை வாயருகே வெட்டிவிட்டு, தலையை முன்பக்கம் வைத்துத் தண்ணீருக்குள் பிடித்துக்கொள்ளுங்கள். வாலை உதறி அதுவாகவே போகும்.